ஓசூரும் ஒரு புத்தூர்தான்

அன்புள்ள கயல்,

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அண்ணன் சொன்னார். ரொம்ப சந்தோஷம். அந்த ஊர்ப் பேருக்கு அர்த்தம் கேட்டிருந்தாயே, அது கன்னடப் பேர். 'ஹொஸ ஊரு', அதாவது புது ஊர். நம் பக்கத்துப் புத்தூர்களுக்கு உடன்பிறப்பு.

அந்த 'ஹொஸ' பழைய கன்னடத்தில் 'பொஸ'. இடைக்காலத்தில் கன்னடச் சொற்களின் முதலில் நின்ற பகரம் ஹகரமாக மாறிவிட்டது. நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. பெங்களூருக்குப் போகும் வழியெல்லாம் 'ஹள்ளி' என்று முடியும் ஊர்களைப் பார்ப்பாய். ஹகரத்தை எடுத்துவிட்டுப் பகரத்தை வைத்துப் பார், பள்ளி, சிற்றூர். தெலுங்கில் அதுவே பல்லெ.

ஒகேனக்கல்லையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். காவிரி பாறையில் விழுந்து தெறிக்கும் திவலை புகைபோல எழுகிறது. புகைக்குக் கன்னடத்தில் 'ஹொகெ', முன்பு 'பொகெ'. ஆக, புகைக்கல். பகரம் ஹகரமாகி, அந்த ஹகரமும் நம் நாக்கில் உதிர்ந்துபோனதால் சொந்தக்காரர்களை அடையாளம் தெரியாமல் நிற்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த பேர் ஹளேபீடு. நம் வகரம் கன்னடத்தில் அழுத்தி ஒலிக்கும் பகரமாகும்: வேர் பேரு, வில் பில்லு. எனவே ஹளே என்பது பழைய, பீடு என்பது வீடு. குடியிருக்கும் வீடு என்று எண்ணிவிடாதே. படை தங்கும் இடத்தைப் பாடிவீடு என்கிறோமே, அந்த வீடு. ஹொய்சளர் ஆண்ட காலத்தில் அது துவாரசமுத்திரம் என்ற தலைநகரம். பதினான்காம் நூற்றாண்டில் டெல்லிப் படைகள் சூறையாடி, ஊர் பாழானது. அரசர்கள் சூட்டிய பேர் ஏட்டோடு போயிற்று. ஜனங்கள் சொன்ன பேர் நிலைத்தது. ஒரு நகரத்தின் வீழ்ச்சியை இரண்டே சொல்லில் வைத்திருக்கிறார்கள்!

ஆனால் ஒலி ஒத்துப்போனாலே பொருளும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. தெலங்கானாவின் நல்கொண்டாவை நல்ல மலை என்று நாம் படித்துவிடுவோம். கொண்ட என்றால் மலை, சரி. தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. அது கருங்குன்றம்.

கதைகளிடமும் கவனமாக இரு. ஹொய்சள அரசன் வீரவல்லாளன் வேட்டைக்குப் போய் வழி தவறி, ஒரு கிழவி கொடுத்த அவித்த பயற்றைத் தின்றதால் 'பெந்தகாளூரு' என்று பேர் வைத்தான், அதுவே பெங்களூர் ஆயிற்று என்று அங்கே யாராவது உனக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்த அரசன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டத்துக்கு வந்தவன். பெங்களூரிலுள்ள பேகூர் கோயிலில் ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று பெங்களூருச் சண்டையில் மாண்ட ஒருவனைப் பற்றிச் சொல்கிறது. கதைக்குக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு முன்பே பேர் இருந்திருக்கிறது. உனக்குப் பேகூர் தூரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சித்தப்பா