நெல்லைக் காக்கும் மரபணு: சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சி

நாள்தோறும் நம் இல்லங்களில் உலையேறும் அரிசி, கழனியில் பல பகைகளைக் கடந்தே நம்மை வந்தடைகிறது. அவற்றுள் கொடியது பாக்டீரியா இலைக்கருகல் நோய். 1884ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய், பின்னர் ஆசிய நெல் நாடுகள் பலவற்றிலும் பரவியது. மழையும் காற்றும் சுமந்துவரும் கிருமி, இலையிலுள்ள காயங்களின் வழியே உட்புகும். இலை நுனியிலிருந்து மஞ்சள் கோடு இறங்கும், இலை வைக்கோல் நிறமாகிக் காயும், மணிகள் பதராகும். மருந்தால் இதனை அடக்குவது அரிது. எனவே, நோயைத் தானே எதிர்க்கும் பயிரே உழவருக்கு உற்ற துணையாகும்.

அவ்வெதிர்ப்பாற்றலை எங்கே தேடுவது? பெற்றோரின் சாயல் பிள்ளைகளுக்கு வருவதுபோல், பயிர்களின் இயல்புகளும் மரபணுக்கள் வழியே வருகின்றன. ஒரைசா மினுட்டா என்பது சிறுமணிகளையுடைய ஒரு காட்டு நெல். உண்பதற்கு உதவாத இப்புல்லிடம் இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதனை நாட்டு நெல்லுடன் கலந்து, அவ்வாற்றலைப் பயிருக்குக் கொணர்ந்தனர்.

அந்த ஆற்றலைத் தரும் மரபணு எது என்பதைக் கண்டறிந்தது சிங்கப்பூர். தேக்காவின் கடைகளில் அரிசி மூட்டைகள் அடுக்கிக் கிடப்பினும், நெல் வயல் காண இயலாத நகரம் அது! அங்கே 2002இல் தோன்றிய தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் யின் ஜோங்சாவ் குழுவினர், அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தனர். எதிர்ப்புள்ள நெல்லையும் அஃதில்லாத நெல்லையும் கலந்து பல கன்றுகளை வளர்த்தல். கிருமிநீரில் தோய்த்த கத்தரியால் இலை நுனியை வெட்டிச் சோதித்தல். நோய்க்குத் தப்பிய கன்றுகள் அனைத்திலும் காணப்படும் மரபுப் பகுதி எது எனச் சிறிது சிறிதாகக் குறுக்கிக் காணல். இறுதியில் அம்மரபணுவை நலிந்த நெல்லில் செலுத்திப் பார்த்தல். இவையே இத்தகைய ஆராய்ச்சியின் படிகள். எக்ஸ்ஏ 27 எனப்படும் அம்மரபணு பற்றிய முடிவு 2005இல் வெளியாயிற்று.

அதில் ஒரு வியப்பு இருந்தது. நலிந்த நெல்லிலும் இம்மரபணு உண்டு. அது உருவாக்கும் புரதமும் ஒன்றே. வேறுபாடு அதனை இயக்கும் முற்பகுதியில்தான். இரு வீடுகளிலும் மணி உள்ளது. ஒரு வீட்டில் மட்டும் மணிக்கயிறு வாசலில் கட்டப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். திருடன் காலை வைத்ததும் மணி ஒலிக்கும். அவ்வாறே, கிருமி செலுத்தும் புரதமே எதிர்ப்பு மரபணுவைத் தட்டி எழுப்பிவிடுகிறது.

ஆயினும் கிருமியும் தன்னை மாற்றிக்கொள்ளும். ஒரே பூட்டை நம்புதல் தகாது. இந்தியாவில் 2008இல் வெளியிடப்பட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி நெல்லில், இந்நோயை எதிர்க்கும் வேறு மூன்று மரபணுக்கள் ஒருங்கே சேர்க்கப்பட்டுள்ளன.

இப்பாடம் நம் பால்மரத்துக்கும் பொருந்தும். 1876இல் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளில் முளைத்த சில கன்றுகளின் வழிவந்தவையே ஆசியத் தோட்டங்களின் பெரும்பாலான மரங்கள். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் அங்குள்ள தோட்டங்களை அழித்தது. ஆசியாவில் அது காலூன்றவில்லை. வந்துவிட்டால் எதிர்க்கும் ஆற்றல் நம் மரங்களுக்கு மிகக் குறைவு. அதனாலேயே 1981இல் அமேசான் காடுகளில் பால்மர விதைகள் திரட்டப்பட்டு மலேசியாவுக்கும் கொணரப்பட்டன. அந்நாடுகளிலிருந்து செடியோ விதையோ அனுமதியின்றிக் கொண்டுவரலாகாது என்னும் விதியும் அதனாலேயே. அதனைக் காப்பது, நம் பிழைப்பைக் காப்பதாகும்.