பாய்லருக்கு ஒரு பீச் மூடி

தம்பி, போன வாரம் உன் ஷெஃபீல்டு வீட்டுச் சமையலறையில் பீர் பாய்லரை அலுமினியத் தாளால் மூடி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. என் வீட்டில் காய்ச்சுவது உன் அத்தான். மூடி செய்வது நான். இதுவரை மூன்று செய்துவிட்டேன். உனக்கும் ஒன்று செய்யச் சொல்லித் தருகிறேன்.

மரமூடி இந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயர் வீடுகளில் துணி வெளுக்கும் செம்புக் கொப்பரைக்கு மரமூடிதான். பல வீடுகளில் பீரும் அதே கொப்பரையில்தான் கொதித்தது. பீர் கொதிக்கும் பாத்திரத்தை இன்றைக்கும் இங்கே ‘காப்பர்’ என்றுதான் சொல்கிறார்கள். 1880 முதல் வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் கேட்ட அரசாங்கம், 1963இல் அதை எடுத்துவிட்டது. விற்காத வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

மூடி எதற்கு என்பதை முதலில் மனசில் வாங்கிக்கொள். 25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 72 டிகிரிக்குக் கொண்டுபோக, 3 கிலோவாட் பாய்லருக்கு, ஒரு துளி சூடு வீணாகாவிட்டாலும் 33 நிமிடம் ஆகும். திறந்து போட்டால் இன்னும் இழுக்கும், கரண்ட் பில்லும் ஏறும். அடுத்து, மால்ட்டை 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும்போது சூடு இறங்கக் கூடாது. மரம் சூட்டை எஃகு மாதிரி கடத்தாது. கையும் சுடாது.

ஆனால் கொதி வந்ததும் மூடியை எடுத்துவிடு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மால்ட் சாறு கொதி ஏறும்போது பால் மாதிரி ஒரே நொடியில் பொங்கி வழியும். அதுமட்டும் இல்லை. வெளிர் மால்ட்டிலிருந்து டைமெதில் சல்ஃபைடு என்ற ஒன்று கிளம்பும். ஆவியோடு வெளியே போகவேண்டிய அது, மூடியில் பட்டு வியர்த்துத் திரும்பச் சொட்டினால், பீரில் வேகவைத்த மக்காச்சோள வாசனை உட்கார்ந்துவிடும்.

இனி மரம். நான் முதலில் செய்த மூடி, மிச்சம் கிடந்த பைன் அலமாரிப் பலகையில். ஆவி பட்டதும் கணு இருந்த இடங்களில் பிசின் முத்து முத்தாகத் துளிர்த்தது. விரலில் தொட்டால் ஒட்டியது. 20 லிட்டர் பீரிலும் டர்பன்டைன் வாடை. அத்தனையும் தொட்டியில் போயிற்று. அதனால் பைன் வேண்டாம். எம்.டி.எஃப். ஆவியில் ஊதிப்போகும். தோட்டத் தரைக்கு விற்கிற பலகையில் மருந்து ஏற்றியிருப்பார்கள், அதைத் தொடவே தொடாதே. ஓக் நல்ல மரம்தான், ஆனால் துவர்ப்பு இறங்கும், இரும்பு பட்டால் கறுத்துவிடும். பீச் அல்லது சிக்கமோர் வாங்கு. வாசனை இல்லாத மரங்கள், காலங்காலமாகச் சமையலறையில் புழங்குபவை.

20 மி.மீ. கனத்தில், 10 செ.மீ. அகலத்தில் நான்கு பலகை. ஒரே அகலப் பலகை வேண்டாம். மரம் நனைந்தால் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் உப்பும். பீச் நன்றாகவே உப்பும். அடியில் ஆவி, மேலே உலர்ந்த காற்று என்றால் ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். அதற்குத்தான் மேல்பக்கம் குறுக்கே இரண்டு ரீப்பர். 25 மி.மீ. கனம், 34 செ.மீ. நீளம் போதும். அவையே உனக்குக் கைப்பிடி.

பலகைகளுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடு. பசையே வேண்டாம். ஒவ்வொரு பலகையையும், வட்டம் வெட்டிய பிறகு அதன் நடுப்பகுதியாக வரும் இடத்தில், ஒரு ரீப்பருக்கு ஒரே ஒரு ஸ்குரூ வீதம் மேலிருந்து முடுக்கு. அப்போதுதான் பலகை இரண்டு பக்கமும் விரிய இடம் இருக்கும். 40 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூ என்றால் அடிப்பக்கம் எட்டிப் பார்க்காது. பீச் கெட்டி மரம், முதலில் துளை போடாமல் முடுக்கினால் ஸ்குரூவின் தலை முறிந்துவிடும். பொறுமையாகச் செய்.

எல்லாம் சேர்ந்த பிறகு அடிப்பக்கத்தில் பாய்லரைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதற்கு ஒன்றரை செ.மீ. வெளியே ஜிக்ஸாவில் வெட்டு. பாய்லருக்குள் இறுக்கமாக இறங்குகிற மாதிரி வெட்டிவிடாதே, உப்பினால் சிக்கிக்கொள்ளும். நழுவாமல் இருக்க அடியில் மூன்று சின்ன மரக்குச்சி தட்டிவிடு, அது போதும்.

ஓரத்தில் ஒரு வாய் வெட்டு. இதுதான் மரமூடியில் எனக்கு ரொம்பப் பிடித்தது. குளிரவைக்கும் செம்புச் சுருளின் இரண்டு குழாய்களும் அந்த வாயில் உட்கார்ந்துகொள்ளும், மூடி முழுசாகப் படியும். சாறு ஆறும் நேரத்தில்தான் தூசியும் காட்டு ஈஸ்ட்டும் விழும். அப்போது மட்டும் கிருமிநாசினி தெளித்த அலுமினியத் தாளை மூடிக்கு அடியில் விரித்துக்கொள். மரத்தின் துளைகளில் என்ன ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

வார்னிஷ், எண்ணெய் எதுவும் பூசாதே. எண்ணெய் சொட்டினால் பீரில் நுரை நிற்காது. உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் போதும்.

மூடியைத் திறக்கும்போது உனக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்கு. ஆவி முகத்தில் அடிக்காது. வேலை முடிந்ததும் சோப்பு போடாமல் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, சுவரோரம் நிமிர்த்தி வை. இரண்டு பக்கமும் காற்று படவேண்டும். ரேடியேட்டர் மேல் மட்டும் வைத்துவிடாதே, மறுநாள் காலை பிளந்திருக்கும்.