‘டு’வா, ‘இங்’கா?

கம்மாபுரத்தில் மாலை டியூஷனுக்கு வருகிறவர்களில் சிலர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள், சிலர் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள். இரு தரப்பும் இடறும் இடம் ஒன்றுதான்: இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள். கைடில் இருக்கும் வினைப் பட்டியலை உருப்போட்டால் தேர்வு வரைக்கும்தான் தாங்கும். அதனால் நான் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். பெயரெச்சம், வினையெச்சம், தொழிற்பெயர் மூன்றும் புரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும்.

பார்ட்டிசிப்பிளுக்கு உதாரணம் செராமிக் பிள்ளைகளிடமே கிடைத்தது. அச்சில் வார்த்து எடுத்த கப்புகள் பலகையில் வரிசையாக இருக்கும். ‘டிரையிங் கப்ஸ்’ என்றால் காய்கிற கப். ‘டிரைடு கப்ஸ்’ என்றால் காய்ந்த கப். இரண்டுமே பெயரெச்சம்தான், காலம்தான் வேறு. ஈரம் போகாத கப்பைச் சூளையில் ஏற்றிச் சட்டென்று சூட்டைக் கூட்டினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி கப்பைப் பிளந்துவிடும். ‘இங்’குக்கும் ‘எட்’டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ‘போரிங்’, ‘போர்டு’ போதும். ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்கிறவர், தான் ஒரு அறுவை என்று தானே ஒப்புக்கொள்கிறார்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் பார்ட்டிசிப்பிள் வந்தால் எழுவாயைப் பாருங்கள். ‘என்டரிங் த ஷெட், த கில்ன் வாஸ் ஹாட்’ என்று ஒருவர் எழுதினார். தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். “ஷெட்டுக்குள் நுழைந்து சூளை சூடாக இருந்தது... சூளையா சார் நுழைஞ்சுது?” என்று அவரே சிரித்தார். ‘செய்து’ என்னும் எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் வினைக்கும் செய்கிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. ஆங்கில ஆசிரியர்கள் ‘டேங்ளிங்’ என்று திருத்துவதும் இதே பிழையைத்தான்.

இனி, அதிகம் மதிப்பெண் போகும் இடம். ‘ஐ ஃபர்காட் டு ஸ்விட்ச் ஆஃப் த கில்ன்’ என்றால் அணைக்க மறந்துவிட்டேன்; சூளை இன்னும் எரிகிறது, உடனே ஓட வேண்டும். ‘ஐ ஃபர்காட் ஸ்விட்சிங் ஆஃப் த கில்ன்’ என்றால் அணைத்ததையே மறந்துவிட்டேன், நிம்மதியாகத் தூங்கலாம். ‘ரிமெம்பர்’, ‘ஸ்டாப்’ இரண்டுக்கும் இதே சோதனைதான். ‘ஸ்டாப்டு டு டாக்’, பேச நின்றார். ‘ஸ்டாப்டு டாக்கிங்’, பேசுவதை நிறுத்தினார். தமிழில் ‘செய’ என்ற எச்சம் வந்தால் ‘டு’, ‘செய்ததை’, ‘செய்வதை’ என்று வந்தால் ‘இங்’. இந்த மூன்று வினைகளுக்கும் இது தவறுவதில்லை.

தமிழே காலை வாரும் இடமும் உண்டு. ‘வாங்குவதற்காக வந்தேன்’ என்று மனதில் ஓடுவதால் ‘ஐ கேம் ஃபார் பையிங்’ என்று எழுதிவிடுகிறோம். ஒருவர் வந்த நோக்கத்தைச் சொல்லும்போது ‘ஃபார்’ வேண்டாம். ‘டு பை’ போதும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வில் வரும் ‘டு’ வேறு ஜாதி. அதன் பின்னால் ‘யுவர் ரிப்ளை’ என்று ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருந்துகிறதா? அப்படியானால் அங்கே வினை வந்தாலும் ‘ஹியரிங்’ என்றுதான் வரும். ‘ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் எர்லி’ என்பதும் இந்தக் கணக்கில்தான்.

‘எஞ்சாய்’, ‘அவாய்ட்’, ‘ஃபினிஷ்’ போன்றவை ‘இங்’கைத்தான் கேட்கும்; ‘டிசைட்’, ‘ப்ராமிஸ்’, ‘ரெஃப்யூஸ்’ ‘டு’வைக் கேட்கும். இங்கே எச்சம், தொழிற்பெயர் எதுவும் கைகொடுக்காது, மனப்பாடம்தான். அதையும் பட்டியலாகச் செய்யாமல் அவரவர் வேலையிலிருந்து வாக்கியமாகச் செய்யச் சொல்கிறேன். ‘வீ ஃபினிஷ்டு கிளேசிங் த கப்ஸ்’ என்று ஒரு பெண் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்கு ‘ஃபினிஷ்’ இனி தப்பாது.