எழுத்தெண்ணிப் படிப்போம்!

முன்னுரை

ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்றவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்று பெரியோர் பாராட்டுவர். உயிரியல் பயிலும் மாணவர்களுக்கு அத்தொடர் இன்று நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. உயிரணுவினுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் நூல் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆனது. அதைக் கணிப்பொறியின் துணைகொண்டு படிக்கும் முறையையும், படிக்கும்போது நான் செய்த ஒரு பிழையையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அச்சில் வந்துவிட்டால் அது மெய்தான் என்பது எங்கள் வீட்டாரின் நம்பிக்கை. கணிப்பொறித் திரையில் வருவதையும் நான் அவ்வாறே நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னைத் தவறச் செய்தது.

சிறு வரலாறு

1977-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிரடெரிக் சாங்கர் குழுவினர் ‘ஃபை எக்ஸ் 174’ என்ற நச்சுயிரியின் ஏறத்தாழ 5,375 எழுத்துகளையும் படித்து வெளியிட்டனர். அத்தனை எழுத்துகளைக் கையால் எழுதித் திருத்துவது எளிதன்று. எனவே, அதே ஆண்டில் ரோட்ஜர் ஸ்டேடன் என்பவர் எழுத்துகளைச் சேமிக்கவும் திருத்தவும் தேடவும் கணிப்பொறி நிரல்களை எழுதி வெளியிட்டார். 1988-இல் டப்ளின் நகரின் டெஸ் ஹிக்கின்சும் பால் ஷார்ப்பும், பல தொடர்களை வரிசையாக அடுக்கி ஒப்பிடும் ‘கிளஸ்டல்’ மென்பொருளைச் சிறு கணிப்பொறிக்கென்றே அமைத்தனர். 1993-இல் சுதிர் குமார், தமுரா, நெய் ஆகியோரின் ‘மெகா’ வெளிவந்தது.

மெகாவை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம். ஒருமுறை நிறுவிவிட்டால், தொடர்களைத் திருத்தவும் அடுக்கவும் இணைய இணைப்புத் தேவையில்லை. அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு இஃது ஒரு பெரிய வரம் என்பதில் ஐயமில்லை.

எழுத்துகள் பிறக்கும் விதம்

சாங்கர் முறையில், டி.என்.ஏ.வின் படிகள் ஒவ்வோர் எழுத்திலும் முடிவுறுமாறு செய்யப்படுகின்றன. முடிவில் நிற்கும் எழுத்துக்கு ஏற்ப ஒவ்வொரு படியிலும் ஒரு சாயம் இருக்கும். மெல்லிய குழாயின் வழியே இவை செலுத்தப்படும்போது குட்டையானவை முதலிலும் நீளமானவை பின்னும் வந்து சேரும். லேசர் ஒளி பட்டு ஒளிரும். அவ்வொளியே திரையில் முகடு முகடாக வரையப்படுகிறது. பச்சை முகடு ஏ, சிவப்பு டி, கறுப்பு ஜி, நீலம் சி என்பது வழக்கம்.

ஆக, இயந்திரம் காண்பது முகடுகளையே. எழுத்து என்பது மென்பொருள் செய்யும் ஊகம். தொடக்கத்துச் சில பத்து எழுத்துகள் கலங்கி இருக்கும். இறுதியை நெருங்க நெருங்க முகடுகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் எழுத்துக்கும் தர எண் ஒன்று உண்டு. தர எண் 20 என்றால் நூற்றில் ஒன்று பிழையாகலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 650 எழுத்துகளின் தரமும் 20 எனக் கொண்டால், ஆறேழு பிழைகளை எதிர்பார்க்க வேண்டும்!

என் விரால் மீன்

எங்கள் பேராசிரியர் மேற்கொண்ட ஒரு சிறு ஆய்வில் உதவும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எங்கள் ஊர் ஏரியில் என் தந்தையார் பிடித்துத் தந்த விராலின் துடுப்புத் துண்டை ஆல்கஹாலில் இட்டுக் கொண்டுவந்தேன். விலங்குகளை இனங்காணப் பயன்படும் ‘சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ்’ மரபணுவின் சுமார் 650 எழுத்துப் பகுதி பெருக்கப்பட்டு, வெளியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் படிக்கப்பட்டு வந்தது. முன்னிருந்து ஒன்றும் பின்னிருந்து ஒன்றுமாக இரண்டு கோப்புகள்.

நான் முகடுகளைப் பார்க்கவில்லை. முன்கோப்பின் எழுத்துகளை மட்டும் எடுத்து இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டேன். விராலோடு 99 விழுக்காடு பொருந்தியது. வேலை முடிந்தது என மகிழ்ந்தேன். “புரதமாக மாற்றிப் பார்த்தாயா?” என்றார் பேராசிரியர்.

மெகாவில் மாற்றினேன். திரையெங்கும் நட்சத்திரக் குறிகள்! நட்சத்திரம் என்றால் ‘இங்கே புரதம் நின்றுவிடும்’ என்பது பொருள். உயிரோடு நீந்திய மீனுக்கு இப்புரதம் இவ்வாறு இருக்க முடியாது. மூன்று மூன்றாகப் பிரிக்கத் தொடங்கும் இடத்தை மாற்றினேன், பயனில்லை. பின்னரே காரணம் விளங்கியது. இம்மரபணு மைட்டோகாண்டிரியாவைச் சேர்ந்தது. பொதுக் குறியீட்டு அட்டவணையில் ‘டி-ஜி-ஏ’ நிறுத்தக் குறி; முதுகெலும்பிகளின் மைட்டோகாண்டிரியாவிலோ அது டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம். அட்டவணையை மாற்றியதும் நட்சத்திரங்கள் மறைந்தன. ஆனால் ஐந்நூறு எழுத்துகளைத் தாண்டிய பின் மட்டும் சில எஞ்சி நின்றன.

எங்கோ ஓர் எழுத்து கூடியிருக்கிறது என ஊகித்தேன். முதல் நட்சத்திரத்தின் அருகே ஓர் எழுத்தை நீக்கினேன். எல்லாம் சரியாயிற்று! பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த எழுத்தை ஏன் நீக்கினாய்?” நட்சத்திரம் மறைய வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை. தலைகுனிந்து நின்றேன்.

பின்கோப்பைத் திறந்து, மென்பொருளால் அதைத் திருப்பி அடுக்கிப் பார்த்தோம். முன்கோப்பின் இறுதிப் பகுதி பின்கோப்பில் தொடக்கத்தை ஒட்டி வருமாதலால் அங்கே முகடுகள் கூர்மையாக இருந்தன. உண்மைப் பிழை நான் நீக்கிய இடத்தில் இல்லை. அதற்கு 30 எழுத்துகள் முன்னே இருந்தது! நான்கு சி நிற்க வேண்டிய இடத்தில், ஒட்டிய முகடுகளைக் கண்டு மென்பொருள் ஐந்து என எழுதியிருந்தது. இடைப்பட்ட பத்து அமினோ அமிலங்களை நான் பிழையாக்கி, அதையே சரியென்று எழுதியிருந்தேன். அத்தொடர் அப்படியே பொதுத் தரவுத்தளத்தில் ஏறியிருந்தால், நாளை வேறொரு மாணவர் தம் மீனை என் பிழையோடு ஒப்பிட்டிருப்பார்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. எழுத்தைப் படிக்குமுன் முகடுகளைப் பாருங்கள். கலங்கிய இரு முனைகளையும் வெட்டிவிடுங்கள்.

2. மூலக் கோப்பைத் தொடாதீர்கள். படியில் மட்டுமே திருத்துங்கள்.

3. முன், பின் இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள்.

4. மரபணுவுக்கு உரிய அட்டவணையைத் தேர்ந்து புரதமாக மாற்றிப் பாருங்கள்.

5. செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். காரணம் எழுத முடியாத திருத்தத்தைச் செய்யாதீர்கள்.

முடிவுரை

ஆய்வு முடிந்ததும், அந்த மீன் விரால்தான் எனக் கணிப்பொறி சொன்னதை வீட்டில் கூறினேன். “அது தெரிந்துதானே பிடித்துக் கொடுத்தேன்!” என்று தந்தையார் சிரித்தார். உண்மைதான். முழு மீனுக்கு அவர் கண் போதும். ஆனால், தலையில்லாத ஒரு துண்டையோ, முட்டையையோ, கண்ணுக்கு அடங்காத குஞ்சையோ இன்னதென்று கூற இந்த எழுத்துகளே வேண்டும். அவை பிழையற்றிருக்க வேண்டும்.

கணிப்பொறி விரைவாகப் படிக்கும்; பொறுப்பாகப் படிக்க வேண்டியவர் நாமே. ஆகவே, மாணவ நண்பர்களே, எழுத்தெண்ணிப் படிப்போம்!