நெல்லும் இயந்திரமும்

நாற்றங்காலிலிருந்து நம் இலைக்கு வந்து சேருமுன் ஒரு பிடி சோறு எத்தனை பேர் கைகளைக் கடந்தது என்று நம் பாட்டிமாரைக் கேட்டால், விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். நாற்றுப் பறித்த கை, நட்ட கை, களை எடுத்த கை, அறுத்த கை, தூற்றிய கை, குத்திய கை என்று அந்தக் கணக்கு நீளும். இன்று அது மிகவும் சுருங்கிவிட்டது. இடையிலே நின்ற கைகள் என்னவாயின? காவிரிப் பாசனப் பகுதியை எடுத்துக்கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

நெல் குத்துவது முழுக்க முழுக்கப் பெண்களின் வேலையாக இருந்தது. விடியுமுன் உரலின் இருபுறமும் நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவர். களைப்புத் தெரியாதிருக்கப் பாட்டும் உண்டு. சிலப்பதிகாரத்திலேயே வள்ளைப்பாட்டு இடம்பெற்றிருப்பதால் இவ்வழக்கம் எவ்வளவு பழமையானது என்று அறியலாம். பாட்டு இனியதுதான். ஆனால் தோள்வலியையும் உள்ளங்கைக் காய்ப்பையும் ஏட்டில் படிப்போர் மறந்துவிடுகிறோம். அரிசி ஆலைகள் பெருகியபோது வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அவ்வீடுகளில் கூலிக்குக் குத்திய ஏழைப் பெண்களுக்கோ, கூலியாக வந்த அரிசியும் நொய்யும், கோழிக்கும் மாட்டுக்கும் உதவிய தவிடும் ஒருங்கே நின்றுபோயின. ஒரே இயந்திரம் ஒரு வீட்டில் ஓய்வாகவும் அடுத்த தெருவில் பட்டினியாகவும் வந்து இறங்கியது.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக ஓயாது வாதாடியவர். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் அவருக்குக் களமாயிற்று. கிராமத்தாரின் பிழைப்போடு உண்போரின் உடல்நலமும் இதில் அடங்கியிருந்தது. ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றவை நலமாக இருப்பதையும் 1890-களில் கண்டார். 1929-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பெரிபெரி என்னும் நோய்க்குக் காரணமான அந்தக் குறைபாட்டை இன்று உயிர்ச்சத்து பி1 குறைவு என்கிறோம். நெல்லைப் புழுக்கும்போது இச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். நம் பக்கத்துப் புழுங்கலரிசி ஆலைக்குச் சென்றும் ஓரளவு சத்தோடு திரும்பியது இதனால்தான்! ஆலைகளைக் கட்டுப்படுத்த 1958-இல் மத்திய அரசு சட்டமும் இயற்றியது; ஆயினும் உலக்கை மீளவில்லை.

ஏற்றமும் ஏற்றப்பாட்டும் பம்புசெட்டின் முன் ஓய்ந்ததை நாம் அறிவோம். டிராக்டர் வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. குறுவையை அறுத்துவிட்டுத் தாளடி நடுவதற்கு இடையே கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. 1960-களில் ஆடுதுறை 27 போன்ற குறுகியகால நெல் பரவி, இருபோகம் பெருகியபோது, ஏர்மாட்டை நம்பி அத்தனை வயலையும் காலத்தில் உழுது முடிப்பது அரிதாயிற்று.

அறுவடைதான் எல்லாவற்றிலும் பெரியது. அறுப்பு, கட்டு, களம், போரடி, தூற்றல் என்று ஊரே வயலில் இருக்கும். கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் யாவரும் களத்துமேட்டில் தத்தம் பங்கைப் பெற்றனர். சிந்திய கதிரைப் பொறுக்கச் சிறுவர் சிறுமியர் காத்திருப்பர். அந்தக் களத்தில் அன்பு மட்டும் விளைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்ட பூசலே முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்களைத் தீக்கு இரையாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. சேற்றில் புதையாதபடி பெல்ட் பூட்டிய இயந்திரம் ஓர் ஏக்கரை ஒன்று, ஒன்றரை மணியில் அறுத்து அடித்து நெல்லாகக் கொட்டுகிறது. மழை மூட்டத்தில் நிற்கும் கதிரைக் காப்பாற்ற இதைவிட வேறு வழியில்லை என்பதை மறுக்க முடியாது. நிலமுடையோர் ஆள் கிடைக்கவில்லை, இயந்திரம் வைத்தோம் என்கிறார்கள். தொழிலாளரோ, இயந்திரம் வந்தது, ஊரைவிட்டுத் திருப்பூருக்குப் போனோம் என்கிறார்கள். இரண்டும் உண்மையே. இயந்திரம் நறுக்கித் தள்ளும் வைக்கோல் கூரை வேய உதவாது. நெல்லும் ஈரமாக வருகிறது. கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது விதி. களங்கள் மறைந்துவிட்டதால் தார்ச்சாலையில் நெல் காய்கிறது. பேருந்துகள் அதை ஒட்டி ஊர்ந்து செல்கின்றன.

நடவு மட்டும் பல ஊர்களில் இன்னும் பெண்கள் கையில் இருக்கிறது. அதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. பாய்போல் வளர்த்த நாற்றை அதன்மேல் ஏற்றி, பல பெண்கள் நாள்முழுதும் குனிந்து நட்ட வயலைச் சில மணி நேரத்தில் நட்டு முடிக்கிறார்கள். அதன் இருக்கையில் பெரும்பாலும் ஆண்களையே காண்கிறோம். ஓட்டப் பழகிக்கொள்ளும் பெண்களும் அங்கங்கே உண்டு.