இரண்டு டன் தாங்கும் சங்கிலி

பைக்குக்குச் சங்கிலி வாங்கப் போனால், அது எத்தனை டன் தூக்கும் என்பதைத்தான் கடைக்காரர் முதலில் சொல்வார். அந்தக் கணக்கைக் காதில் வாங்காதீர்கள். வண்டியைத் திருட வருகிறவன் கிரேன் கொண்டுவந்து சங்கிலியை இழுக்கப் போவதில்லை, கத்தரிக்கப் போகிறான். இழுவையைத் தாங்கும் இரும்பு வெட்டையும் தாங்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அப்பாவின் ஆர்எக்ஸ் 100 போனது.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். இன்று நன்றாகப் புதுப்பித்த ஒன்றுக்கு லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள். முழு வண்டியாக விற்க முடியாவிட்டாலும் டேங்க், சைலன்சர், சிலிண்டர் எனத் தனித்தனியாகப் போகும். எடையோ நூறு கிலோ சொச்சம், இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். முன்சக்கரத்தில் டிரம் பிரேக் என்பதால் டிஸ்க் பூட்டும் போட முடியாது. ஹேண்டில் லாக்கைக் காலால் ஒரு உதை விட்டு முறிப்பது எப்படி என்று திருடுகிறவர்களுக்குத் தெரியும். “ஹேண்டில் லாக் இருக்குல்ல மாமா, அது போதும்” என்று சொன்ன என் மனைவியின் தம்பிக்கு மட்டும்தான் தெரியவில்லை. ஆகவே சங்கிலி வாங்கியது சரியான முடிவு. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. பைக்கைத் தூணோடு கட்ட வேண்டும், நல்ல கனமான சங்கிலியாகக் கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். “இதப் பாருங்க சார், கிரேட் 80. எட்டு எம்எம்தான், ஆனா ரெண்டு டன் தூக்கும். லேத்துலயும் ஃபேக்டரியிலயும் இததான் வாங்கிட்டுப் போறாங்க” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எட்டு மில்லிமீட்டர் கிரேட் 80 சங்கிலியின் பாதுகாப்பான பளு இரண்டு டன்தான், பத்து மில்லிமீட்டர் என்றால் 3.15 டன். நூறு கிலோ வண்டிக்கு இரண்டு டன் சங்கிலி போதாதா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஒரு விடியற்காலையில் சங்கிலி இரண்டு துண்டாகத் தூணடியில் கிடந்தது. வண்டி இல்லை.

வெட்டுப்பட்ட கண்ணியை நான் தூக்கிப் போடவில்லை. இரும்பு இரண்டு பக்கமும் நசுங்கிச் சரிந்து நடுவே ஒரு கோட்டில் சந்திக்கிறது. போல்ட் கட்டரின் தடயம் அப்படித்தான் இருக்கும். கிரைண்டரால் அறுத்திருந்தால் முகம் தட்டையாக, சூட்டில் நீலம் பாய்ந்து இருக்கும், தரையில் கரும்பொடி உதிர்ந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. சத்தமே இல்லாமல் வேலை முடிந்திருக்கிறது. மூன்று அடிக் கைப்பிடி உள்ள கட்டருக்கு எட்டு எம்எம் கண்ணி பெரிய வேலை இல்லை.

ஏன் இப்படி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பளு தூக்கும் சங்கிலி திடீரென்று முறியக் கூடாது. கீழே ஆள் நிற்பான். அதனால் அறுந்து போவதற்கு முன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இழுபட்டு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று வைத்துத்தான் அந்த எஃகைச் செய்கிறார்கள். இழுபடும் குணம் இருக்க வேண்டுமென்றால் மேற்பரப்பை அளவுக்கு மீறிக் கடினமாக்க முடியாது. ஆளின் உயிரைக் காக்கிற அந்த இளக்கம்தான் கட்டரின் வாய்க்கு வசதியாகிறது. பூட்டுச் சங்கிலியில் எஃகுக்குத் தோய்ச்சல் ஏற்றி மேல்தோலை மட்டும் கல்லாக்கி, உட்பகுதியை முறியாத பதத்தில் விட்டிருப்பார்கள். அதில் கட்டரின் பல்லே தெறித்துப்போகும். இரண்டும் ஒரே கடையில், ஒரே கொக்கியில் தொங்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். “வெட்டுறவன் எத வேணா வெட்டுவான் சார்” என்று சொல்லி அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இந்தப் பேச்சை மெக்கானிக், வாட்ச்மேன், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. பேட்டரி கிரைண்டருக்கு எந்தச் சங்கிலியும் விழும். ஆனால் தோய்ச்சல் ஏற்றிய கண்ணி வளைந்து கொடுக்காது. ஒரு பக்கம் அறுத்துவிட்டு விரித்து எடுக்க முடியாமல் இரண்டு பக்கமும் அறுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அந்தச் சத்தமும் தீப்பொறியும் தரைத்தளம் முழுவதையும் எழுப்பிவிடும். திருடுகிறவன் கணக்குப் பார்ப்பதும் அதைத்தான். என் வண்டி கிரைண்டருக்குப் போகவில்லை, சத்தமில்லாத கட்டருக்குப் போனது. அதைத் தடுத்திருக்க முடியும்.

புகார், சிஎஸ்ஆர் ரசீது, எஃப்ஐஆர், ஆர்டிஓவுக்குத் தகவல் என்று மற்றதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். காப்பீடு மூன்றாம் நபருக்கானது மட்டும், திருட்டுக்கு ஒரு பைசா வராது. இத்தனை வயதான வண்டிக்கு நீங்களும் அதைத்தான் எடுத்திருப்பீர்கள்.

இப்போது வேறொரு ஆர்எக்ஸ் வைத்திருக்கிறேன். அதற்குச் சங்கிலி வாங்கும்போது செய்ததைச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது சிறிய முக்கோண அரம் ஒன்றை எடுத்துப் போங்கள். கண்ணியில் ஒரே இடத்தில் நாலைந்து முறை தேயுங்கள். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு முதலில் பளபளக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பூச்சு போன பிறகும் அரம் கடித்துத் தூள் விழுந்தால் அது இளகிய இரும்பு. அரம் வழுக்கிக் கிறீச்சிட்டால் தோய்ச்சல் ஏறியது. அரம் போட விடமாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம். கண்ணியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாகவோ அறுகோணமாகவோ இருந்தால் கட்டர் பிடிப்பது இன்னும் சிரமம். கண்ணிக்குள் கடப்பாரை நுழைத்து முறுக்க முடியாதபடி உள்ளிடைவெளி குறுகலாக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுக்கிறது. 1992-ல் போலீஸ்காரர்களே முன்னின்று தொடங்கியது. நெதர்லாந்தில் ஏஆர்டி அமைப்பு நட்சத்திரம் போடுகிறது, மோட்டார் சைக்கிளுக்கு நாலாவது இருக்க வேண்டும். ஆபஸ், கிரிப்டோனைட் போன்றவை இணையத்தில் இங்கும் கிடைக்கின்றன. பழைய வண்டிக்கு இவ்வளவு விலையில் சங்கிலியா என்று மனைவியின் தம்பி கேட்டான். முந்தைய இரண்டு டன் சங்கிலியும் வண்டியும் சேர்ந்து எவ்வளவு ஆனது என்று கேட்டேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

தடிமன் கூடக் கூட எடை எகிறும். எட்டு எம்எம் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ, பத்து 2.2, பதின்மூன்று 3.8, பதினாறு 5.7. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டுதான் எதில் கட்டப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும். உங்கள் குடியிருப்பின் தூணும் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம்தான் இருக்கும். அதைச் சுற்றிவரவே ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். பிறகு சக்கரம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு மீட்டருக்குக் குறைந்து முடியாது. பதினாறு எம்எம் என்றால் பதினொரு கிலோவுக்கு மேல். தரையில் ஒரு வளையம் இருந்தால் ஒரு மீட்டர் போதும், எடை பாதியாகிவிடும்.

இந்த வளையத்துக்காகத்தான் எங்கள் அசோசியேஷன் செயலாளரிடம் முதல் வண்டி இருந்த காலத்திலேயே எழுதிக் கேட்டேன். பொது இடத்தைத் தோண்டக் கூடாது, அழகு கெட்டுவிடும் என்றார். தூணைச் சுற்ற நீளமான சங்கிலி தேவைப்பட்டதும், நீளத்துக்காகத் தடிமனைக் குறைத்ததும், மிச்ச நீளம் தரையில் கிடந்ததும் அவருடைய மறுப்பால் வந்தவை. சங்கிலி தரையில் கிடந்தால் என்ன ஆகும் தெரியுமா? கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறு பிடியின்மேல் உடம்பின் மொத்த எடையையும் போட்டு அமுக்கலாம். அந்தரத்தில் இறுக்கமாக நிற்கும் சங்கிலியை வெறும் கைப்பலத்தால்தான் வெட்ட வேண்டும். திருட்டுக்குப் பிறகு பொதுக்குழுவில் நான் பேசிய அன்றே அனுமதி கிடைத்தது. பேவர் கற்கள் நாலை எடுத்துவிட்டு ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, பட்டறையில் 25 எம்எம் கம்பியை வளைத்து வெல்டிங் வைத்த வளையத்தை ஜல்லிக் கான்கிரீட்டில் புதைத்தோம். அழகு எதுவும் கெடவில்லை. இப்போது அங்கே மூன்று வளையங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று செயலாளர் மகனின் புல்லட்டுக்கு.

கட்டுவது பின்சக்கரத்தில், முடிந்தால் ஸ்விங் ஆர்மையும் சேர்த்து. முன்சக்கரத்தில் கட்டினால் ஒரு ஆக்சில் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை மட்டும் உங்களுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. திண்டுக்கல் பூட்டின்மேல் எனக்கு மரியாதை உண்டு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் மாங்காய்ப் பூட்டு கதவுக்கானது. அதன் வளைவுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சங்கிலியை விட்டுவிட்டு அதைக் கத்தரிப்பார்கள். பைக்குக்கு வேண்டியது வளைவு முழுவதும் உடலுக்குள் மறைந்திருக்கும் பூட்டு. குழாய் மாதிரி வட்டச் சாவி உள்ள பூட்டைத் தொடவே வேண்டாம். 2004-ல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனத்தின் அப்படிப்பட்ட பூட்டுகளைச் சாதாரணப் பால்பாயின்ட் பேனாவின் குழாயை நுழைத்துத் திறந்துகாட்டினார்கள். கம்பெனி அவற்றை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது போன பேரை அது வேறு வகைச் சாவிகளால்தான் மீட்டெடுத்தது. நம் ஊர் சைக்கிள் கடைகளில் அதே வட்டச் சாவிப் பூட்டு இன்றும் தொங்குகிறது.

இனி சுமப்பது. சங்கிலி வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாளில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்குவார்கள், கனம்தான் காரணம். வாங்குவதற்கு முன்பே ஐந்து கிலோ அரிசிப் பையை வண்டியில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் என்னைப் போல இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு எம்எம் வளையத்திலேயே கிடக்கிறது, அதை நான் தூக்குவதே இல்லை. கூட வருவது பதின்மூன்று எம்எம், ஒன்றேகால் மீட்டர், பூட்டோடு ஆறு கிலோவுக்குள்.

அதை உடம்பில் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு போகும் பையன்களைப் பார்க்கிறேன். விழுந்தால் தார்ச் சாலைக்கும் விலா எலும்புக்கும் நடுவே அந்த இரும்புதான் இருக்கும். ஹேண்டிலில் சுற்றுவதும் கூடாது, நழுவினால் நேரே முன்சக்கரத்துக்குள் போகும். கேரியரில் கயிறு போட்டுக் கட்டினால் எடை உயரத்தில் நின்று வளைவில் வண்டியை ஆட்டும். சரியான இடம் இடப்பக்கத்து சேலை கார்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்லா வண்டியிலும் இருக்க வேண்டியது அது, எடையும் தாழ்வாக நிற்கும். சீட் கவர் தைக்கிறவரிடம் கேன்வாஸ் இரட்டையாக வைத்து ஒரு பை தைக்கச் சொல்லி, இரண்டு தோல் வார்களால் கார்டோடு இறுக்கிக் கட்டுங்கள். வலப்பக்கம் வேண்டாம், சைலன்சர் சூட்டில் துணி பொசுங்கும். பூட்டைச் சங்கிலியோடு போடாமல் தனிச் சின்னப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் உரசியே பூட்டின் உள்பாகம் தளர்ந்துவிடும்.

சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூபை உறையாகப் போடுகிறார்கள். பெயின்ட் கீறாது, உண்மைதான். ஆனால் மழைத் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடற்காற்றுப் பகுதியில் இருந்தால் உள்ளே துரு பிடிப்பது வெளியே தெரியாது. தடித்த காக்கித் துணியில் உறை தைத்து, மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் காயவையுங்கள். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். உள்ளே எண்ணெய் விட்டால் தூசி கட்டிக்கொள்ளும், கிராஃபைட் பொடி போடுங்கள்.

ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் கட்ட எதுவும் இருக்காது. டோக்கனில் வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு என்று அச்சடித்திருப்பார்கள். அங்கே தினமும் ஒரே ரயிலில் வருகிற நண்பர் ஒருவரோடு பேசிவைத்து, இரண்டு வண்டிகளையும் சட்டத்தோடு சட்டமாகச் சேர்த்துப் பூட்டுகிறேன். சேர்ந்து நிற்கும் இரண்டு வண்டிகளைக் குட்டி யானையில் ஏற்றுவது சுலபமில்லை. பூட்டுக்கு வந்த சாவிகளில் ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம். மூன்றாவதும் சாவி எண் அச்சிட்ட அட்டையும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. இந்த வகைச் சாவிக்குத் தெருமுனையில் நகல் போட முடியாது. அட்டையைத் தொலைத்துவிட்டால் உங்கள் சங்கிலியை நீங்களே கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டியதுதான்.