‘பரவாயில்ல டாக்டர்’ என்று சொல்லி விடாதீர்கள்

“சின்னச் சின்ன உபாதையெல்லாம் சொன்னால் டாக்டருக்கு எரிச்சல் வரும்.” புற்றுநோய் வார்டுகளில் நோயாளிகளின் வாயை அடைத்து வைத்திருக்கும் முதல் நம்பிக்கை இதுதான். ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழித்த அம்மா, காலை ரவுண்ட்ஸில் டாக்டரைக் கண்டதும் புடவையைச் சரிசெய்துகொண்டு “பரவாயில்ல டாக்டர்” என்பார். “சாப்பாடுதான் கொஞ்சம் இறங்கல” என்று பக்கத்தில் நிற்கும் மகன் முடித்துவைப்பார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். வலி கேஸ் ஷீட்டில் ஏறாது. ஏறாத வலிக்கு மருந்தும் வராது.

உபாதையைச் சொல்வது ஆயுளையே கூட்டக்கூடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், நோய் முற்றிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாந்தி, மூச்சுத்திணறல், வலி போன்ற 12 தொல்லைகளைக் கணினியில் தவறாமல் பதிந்துவந்தார்கள். ஏதாவது கடுமையானால் நர்ஸுக்குத் தகவல் போகும். 2017இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 26 மாதம். பதிந்துவந்தவர்களுக்கு 31 மாதம். புது மருந்து எதுவும் தரப்படவில்லை. நோயாளிகள் சொன்னார்கள், நர்ஸுகள் கேட்டு உடனே கவனித்தார்கள்.

“மருந்து ஏறினால் கை எரியத்தான் செய்யும்.” இல்லை. நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகிப் புண்ணாகிவிடும். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ, இறுகினாலோ, வீங்கினாலோ அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். பாட்டில் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

காய்ச்சல் விஷயம் இன்னும் அவசரமானது. “ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம்” என்ற நினைப்பு உயிரையே வாங்கிவிடும். கீமோ போட்ட பிறகு, பெரும்பாலும் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசர நிலைதான். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். கிருமி உள்ளே பெருகிக்கொண்டே இருக்கும். ஆகவே, எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலிலேயே “கீமோ எடுக்கிற பேஷன்ட், காய்ச்சல் இருக்கு, வெள்ளை அணு குறைஞ்சிருக்கலாம்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்களே வகுத்துக்கொண்ட நெறி. சாதாரண காய்ச்சல் வரிசையில் உட்காரச் சொன்னால் மறுத்துப் பேசுங்கள். இது அடாவடி இல்லை.

“மார்ஃபின் கொடுத்துவிட்டார்கள், கதை முடிந்தது.” இந்த எண்ணத்தாலேயே எத்தனையோ பேர் தேவையில்லாமல் துடிக்கிறார்கள். அதை நினைத்தாலே ஆற மாட்டேன் என்கிறது மனசு. மார்ஃபின் மரணத்துக்கு அறிவிப்பு அல்ல. கடும் வலிக்கு வாய்வழி கொடுக்கும் மாத்திரை அது. வலி அடங்கித் தூங்கிச் சாப்பிட ஆரம்பித்தவர்கள் அடுத்த கீமோவைத் தாங்குகிறார்கள். மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயமும் பெரும்பாலும் வீண். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துக் கேளுங்கள். இந்தியாவில் முன்பு 1985 போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் வாங்கி வைக்கவே ஆஸ்பத்திரிகள் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014 திருத்தம் அந்தச் சிக்கலைத் தளர்த்தியது. ஆனால் மருந்து சரியாக அமைய, டாக்டர் கேட்கும்போது வலியை எண்ணில் சொல்லுங்கள். “பத்துக்கு எட்டு, ராத்திரியில்தான் அதிகம், முதுகிலிருந்து காலுக்கு இறங்குது” என்றால் அவருக்கு வழி தெரியும். முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே சொல்லியாக வேண்டும், தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம்.

“அவருக்குத் தெரிந்தால் உடைந்துவிடுவார், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்.” பாசத்தில் சொல்வதுதான். ஆனால் முடி கொட்டி, மாதாமாதம் கீமோ வார்டில் படுக்கிறவருக்கு எதுவும் தெரியாது என்று யார் நம்ப முடியும்? தெரிந்தும் தெரியாததுபோல் தனியே கிடக்கிறார். அவரிடமே, “என்ன தெரிஞ்சுக்கணும், யார் கூட இருக்கணும்?” என்று கேட்டுவிடுவதுதான் மரியாதை. சட்டமும் அவர் பக்கம்தான். சுயநினைவு திரும்பி முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக, அவர் மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

“வேறு டாக்டரிடம் காட்டினால் நன்றி கெட்டதனம்.” நல்ல மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வேறு டாக்டரிடம் காட்ட உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவ கவுன்சில் விதிகள் சொல்கின்றன. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்ஸி ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்த பிளாக்கையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டாக்டர் திசுவைத் திரும்பப் பார்ப்பதற்கும், விட்டுப்போன பரிசோதனையைச் செய்வதற்கும் அந்த பிளாக்தான் வேண்டும். வாங்கியதை வெயில் படாமல் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். மெழுகு உருகும்.